வெள்ளையை மிதித்தவள்

என் இடது கை எனக்குக் கை அல்ல, கால். இதை ஊராருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து இடது கையைத் தொடையில், முட்டிக்குச் சற்று மேலே ஊன்றி அழுத்தித்தான் அந்தக் காலை நிறுத்துவேன். கையை எடுத்தால் முட்டி மடங்கும். முட்டி மடங்கினால் நான் தரையில் கிடப்பேன். ஆனால் திருப்பூரில் சாலையோரம் நான் நின்றால் போதும், புண்ணியம் தேடி வருகிறவர்கள் நேராக வந்து அந்தக் கையைத்தான் பிடிப்பார்கள். "வா கண்ணு, அக்கட்டால உட்டுடறேன்" என்று மறுபக்கம் நோக்கி ஒரே இழுப்பு. இரண்டு முறை புண்ணியவான்களின் காலடியிலேயே விழுந்திருக்கிறேன். விழுந்த பிறகு அவர்கள் இன்னும் அதிகமாகப் பரிதாபப்பட்டார்கள். எனக்கு வந்த கோபத்தை மரியாதை கருதி விழுங்கிக்கொண்டு, "பரவாயில்லீங்க" என்று எழுந்து நிற்பேன்.

இது எழுபதுகளின் தொடக்கத்தில். பனியன் கம்பெனிகளில் அப்போதுதான் ஒன்றிரண்டாகப் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளகோவிலுக்கு அந்தப்பக்கம் இருந்த எங்கள் ஊரிலிருந்து வந்து, தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கும் வேலையில் சேர்ந்தேன். பிசிர் வெட்டுவது என்பார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. கையும் கண்ணும் போதும், கால் தேவையில்லை. சாலைக்கு வடக்கே, வரிசையாக அறைகள் கட்டிய ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையில் நான் குடியிருந்தேன். கம்பெனி சாலைக்குத் தெற்கே இருந்தது. என் வாழ்க்கையில் காலுக்கு வேலை வைத்தது நடுவில் கிடந்த அந்தச் சாலை ஒன்றுதான்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் ஆறு வருடம் அண்ணன் வீட்டில் இருந்தேன். அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு வேலையும் இல்லை. அண்ணன் நல்லவர், அண்ணியும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு "பாவம்" என்பார்கள், பிறகுதான் தண்ணீர் கேட்பார்கள். அந்தப் பாவம் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. திருப்பூருக்குப் போகிறேன் என்று நான் அடம்பிடித்தபோது அண்ணன் கடைசியில் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு பெண்.

நாங்கள் அறை பார்க்க வந்த அன்று, தினமும் சாலையைத் தாண்டிவிடுவது தன் பொறுப்பு என்று அண்ணனிடம் சொன்னவள், லைன் வீட்டில் எனக்கு அடுத்த அறைக்காரி. அவளுடைய அப்பா துணி வெளுக்கும் சலவைப் பட்டறையில் வேலை செய்தார். அவளும் என் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்தாள். என் வலது கையைப் பிடிக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். காலையில் எட்டு மணிச் சங்கு ஊதும்போது என் கதவருகே வந்து வலது கையை நீட்டச் சொல்லுவாள். சாலையில் பஞ்சு ஏற்றிய மாட்டு வண்டிகளும், கோயமுத்தூர் லாரிகளும், துணி மூட்டை கட்டிய சைக்கிள்களும் போய்க்கொண்டே இருக்கும். சைக்கிள்தான் எமன், சத்தமே இல்லாமல் வரும். எல்லாவற்றுக்கும் ஒரு கையைக் காட்டி நிறுத்தி, மறு கையில் என்னைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவாள். கம்பெனிப் பக்கம் சாக்கடை மேல் ஒரு முழ உயரத்துக்குக் கல் பாவியிருந்தார்கள். அதில் என்னால் ஏற முடியாது. இடுப்பில் கை கொடுத்து அவள்தான் ஏற்றிவிடுவாள்.

கம்பெனிக்குள் பேசினால் திட்டு விழும். மாலையில் அவளுக்கு வீட்டு வேலை இருக்கும். ஆகவே நாங்கள் பேசிய பேச்செல்லாம் சாலையில்தான். அவளைப் பெண் பார்க்க வந்த கதை, மாப்பிள்ளையின் மீசை சரியில்லாத கதை, அவருக்கே அவள் தலையாட்டிய கதை எல்லாம் எனக்குத் தவணை முறையில்தான் கிடைத்தன. முப்பது அடிச் சாலை. என் நடைக்கு அது நீண்ட நேரம். சாலை இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாமே என்று நினைத்த ஒரே ஆள் அந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

வைகாசியில் கல்யாணம், பெருமாநல்லூரில் வாழ்க்கை என்று முடிவானது. செய்தி அண்ணனுக்கு எட்டி, அடுத்த வாரமே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"அந்தப் புள்ள போயிட்டா உன்னிய ஆரு கண்ணு ரோடு தாண்டி உடுவா?" என்றார்.

"நானே தாண்டிக்குவேனுங்கண்ணா."

"லாரிக்காரன் உனக்காக நிப்பானா? வேண்டாங்கண்ணு. கல்யாணத்துக்கு வாரேன். அது முடிஞ்சதும் துணிமணிய எடுத்துக்க. நம்ம ஊட்டுக்குப் போயரலாம்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொன்னார். அன்பை எதிர்த்து என்ன பேசுவது? மறுபடி அந்த வீட்டின் மூலையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் "பாவம்" கேட்டுக்கொண்டு கிழவியாவதை நினைத்தாலே மூச்சு முட்டியது. அதைத் தடுக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. அந்தச் சாலையை நான் தனியாகக் கடக்க வேண்டும்.

எட்டாவது வரை படித்திருந்தேன். ஒரு மனு எழுதினேன். சென்னையில் மனிதர்கள் நடப்பதற்கென்று சாலையில் வெள்ளைப் பட்டைகள் போட்டிருப்பதையும், அங்கே வண்டிகள் நிற்க வேண்டும் என்பதையும் ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தேன். அதை எங்கள் கம்பெனிக்கு எதிரே போட்டுத் தரும்படி எழுதி, சாலை வேலைகளைப் பார்க்கும் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய குமாஸ்தா படித்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கோசரம் ரோட்டுல கோடு போடுவாங்களாம்மா?"

"ஒரு ஆளுக்கில்லீங்க. எங்க கம்பெனியில நூறு பேருக்கு மேல தாண்டறோமுங்க. நாஞ் சித்த மெதுவாத் தாண்டறேன், அவ்வளவுதானுங்க."

மூன்றாவது தடவை போனபோது ஓவர்சியரே இருந்தார். ஒல்லியான, எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனிதர். சென்னையில் வேலை பார்த்தவராம், அந்தப் பட்டைகளை அவர் நேரில் பார்த்திருந்தார். ஊரில் முதன்முதலாக அதைப் போடுகிற பெருமை அவருக்குப் பிடித்துப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்களை வைத்துக் கயிறு பிடித்துப் பட்டை பட்டையாகச் சுண்ணாம்பு வெள்ளை அடித்தார். நானும் தோழியும் ஓரத்தில் நின்று பார்த்தோம். பட்டைகள் போய் முடிந்தது அந்த ஒரு முழக் கல்லில். அதைக் காட்டினேன்.

"இதுல எப்படீங்க ஏறறது?"

ஓவர்சியர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"கோடு எங்க வேலைம்மா. சாக்கடைக் கல்லு வேற ஆபீஸ்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சாலையின் நடுவில் என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கரையில் ஏறுவதற்கு வேறு ஆபீசில் மனு கொடுக்கச் சொல்கிறார். தோழி சிரிக்கவில்லை. அன்று மாலையே அவளும் அவள் அப்பாவும் ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சலவைப் பட்டறையில் உடைந்து கிடந்த பாதித் துவைகல் அதில் இருந்தது. அதை அந்தக் கல்லின் அடியில் பொருத்தி, சந்தில் சல்லி போட்டுக் குத்தினார்கள். ஒரு முழம் இரண்டு அரை முழங்களானது. என்னை ஏறச் சொன்னாள். ஏறினேன். இறங்கச் சொன்னாள். இறங்கினேன். "இன்னொருக்கா" என்றாள். ஏழெட்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் விட்டாள்.

வேலை முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். எங்கள் கம்பெனி ஆட்களின் கால்களைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை.

பனியன் கம்பெனியில் சேருகிற யாருக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: வெள்ளையில் கால் வைக்காதே. வெளுத்து வந்த துணி ரோல் ரோலாகவும், வெட்டிய துண்டுகள் குவியல் குவியலாகவும் தரையில்தான் கிடக்கும். ஒரு கால் தடம் பட்டால் அந்தத் துண்டு வீண். ஆகவே எல்லாரும் வெறுங்காலோடு, துணிக்கு நடுவே தெரிகிற தரையில் மட்டும் கால் வைத்து நடப்பார்கள். ஆறு மாதத்தில் காலே பழகிவிடும், கண் பார்க்க வேண்டியதில்லை. நான் சேர்ந்த புதிதில் என் இடது கால் இழுபட்டு, ஒரு ரோல் முழுக்கக் கறுப்பாக நீளக் கோடு விழுந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து நான் சுவரைத் தேய்த்துக்கொண்டே நடப்பவளானேன்.

திங்கட்கிழமை காலை சங்கு ஊதியது. சாலையோரம் கூடிய அத்தனை பேரும் பளிச்சென்று கிடந்த வெள்ளைப் பட்டைகளைப் பார்த்து நின்றார்கள். பிறகு கூட்டம் இரண்டாகப் பிரிந்து, பட்டைகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து போனது. நடுவில் போனவர்கள் கறுப்புத் தாரில் மட்டும் கால் வைத்துத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒரு டெய்லர் கவனமில்லாமல் வெள்ளையில் மிதித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு துள்ளி விலகினார். தோழியும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"அது ரோடுங்க, துணியில்ல. மிதிக்கலாமுங்க" என்று நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "ஆமாமா, ரோடுதான்" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாள் கால்கள் அதையேதான் செய்தன. நாலு நாளில் என் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் பட்டைகளில் யாரும் நடக்காவிட்டால், அங்கே நிற்க வேண்டும் என்று லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்? ஆட்கள் நடக்காத இடமாயிற்றே என்று ஒரு வண்டிக்காரர் அங்கேயே மாடுகளை அவிழ்த்துச் சோளத்தட்டுப் போட்டார்.

வைகாசியில் தோழி கல்யாணம் ஆகிப் போனாள். போகும்போது அழுதாள். நான் அழவில்லை, அழுதால் அண்ணன் பார்ப்பார் என்று பயம். கல்யாணம் சனிக்கிழமை. ஞாயிறு காலை அண்ணன் அறை வாசலில் நின்று, "எல்லாம் எடுத்து வெச்சுட்டியா கண்ணு?" என்றார்.

"இல்லீங்கண்ணா. நான் ரோட்டைத் தாண்டிக் காட்டறேன். முடியலீன்னா வந்தர்றேன்."

அவர் சரியென்று நடந்து, சாலையைக் கடந்து, அந்தப் பக்கத்துக் கல் மேல் போய் நின்றுகொண்டார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி இல்லை. கூட்டம் இல்லை. ஒளிந்து கடக்க எனக்கு ஆள் நிழல்கூட இல்லை.

முதல் பட்டையில் வலது காலை வைத்தபோது என் உடம்பு கூசியது. வேடிக்கைதான், ஊருக்கெல்லாம் மிதிக்கலாம் என்று சொன்னவள் நான். ஆனால் என்னால் பட்டைகளைத் தாண்டி நடக்க முடியாது. இடது கால் இழுபட்டுத்தான் வரும். மண் ஒட்டிய அந்தக் கால் ஒவ்வொரு வெள்ளையின் மேலும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வந்தது. நாலாவது பட்டையில் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி என் முன்னால் போனது. முதுகுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் உரசிக்கொண்டு போனது. நடுச்சாலையில் நின்றேன். தொடையில் ஊன்றிய கையை இன்னும் அழுத்திக்கொண்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பஞ்சு வண்டி, அதன் பின்னால் பஸ். அண்ணன் கல்லிலிருந்து இறங்கினார்.

"வராதீங்கண்ணா!" என்று கத்தினேன்.

அவரிடம் நான் குரல் உயர்த்திப் பேசியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அவர் அப்படியே நின்றார். நான் அடுத்த பட்டையில் காலை வைத்தேன். வண்டிக்காரர் என்ன நினைத்தாரோ, கயிற்றை இழுத்து மாடுகளை நிறுத்தினார். பின்னால் பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. வண்டிக்காரர் எழுந்து திரும்பி, "அந்தப் புள்ள கோட்டு மேல வாரது உனக்குத் தெரியிலியா? அது போனாத்தான் என்ற வண்டி நகரும், பேசாம இரு" என்று கத்தினார். ஒரு பஸ் நிறைய ஜனம் எட்டிப் பார்க்க, நான் அவசரப்படாமல் நடந்தேன். அவசரப்பட என்னால் முடியாது என்பது வேறு விஷயம்.

துவைகல்லில் வலது காலை வைத்தேன். அண்ணனின் கை தன்னால் நீண்டது. நான் அதைப் பிடிக்கவில்லை. இடது காலை இழுத்து ஏற்றினேன், மறுபடி வலது, மறுபடி இடது. கல் மேல் அவருக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினேன். நீட்டிய கையை அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தோள் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"செரி கண்ணு. நீ இங்கியே இரு" என்றார். அடுத்த பஸ்ஸில் தனியாகவே ஊருக்குப் போனார். அன்று நான் காரணமே இல்லாமல் இன்னும் நாலு தடவை அந்தச் சாலையைக் கடந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

பத்துப் பதினைந்து நாளில் வண்டிச் சக்கரங்களும் ஒரு மழையும் சேர்ந்து பட்டைகளை மண் நிறமாக்கிவிட்டன. அழுக்கானதும் எங்கள் ஆட்களின் கால்களுக்குப் பயம் விட்டுப்போனது. எல்லாரும் அதன் மேலேயே நடந்தார்கள். லாரிகளும் மெதுவாகப் பழகின. சாலையோரம் நான் நின்றால் இப்போது யாரும் ஓடி வருவதில்லை. வெளியாள் யாராவது வந்தால்கூட, "உடுங்க, அந்தப் புள்ள தானாப் போயிக்கும்" என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். நான் கேட்டது அதைத்தான். கேட்டது கிடைத்தது.

ஆடி மாதம் ஒரு நாள் அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது, குடத்தைத் தூக்கிக் கொடுத்த கடைசி அறை அம்மாவின் விரல் என் விரலில் பட்டது. திடுக்கிட்டுக் குடத்தை விட்டுவிட்டேன். அந்த அம்மா குடம் நசுங்கிவிட்டதே என்று அங்கலாய்த்தார். நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் பார்த்தேன். தோழி போனதிலிருந்து ஒரு மனிதக் கை என் மேல் பட்டிருக்கவில்லை. கம்பெனியில் ஆளுக்கு ஒரு குவியல், நடுவில் இடைவெளி. அறையில் நான் மட்டும். தோழிக்குப் பெருமாநல்லூரிலிருந்து வர நேரமில்லை, வந்தால் மாமியார் வீட்டில் கேள்வி. காலையும் மாலையும் அந்தச் சாலையில் மட்டும்தான் என்னை ஒருத்தி தொட்டுக்கொண்டிருந்தாள். அதைத்தான் நான் மனு எழுதிப் போட்டு நிறுத்தியிருந்தேன். அன்று அழுதேன். அண்ணனோடு போயிருக்கலாமோ என்று நினைக்கவில்லை. அதை நினைக்காமல் அழுவதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு ஒரு மாலை. சங்கு ஊதி, கடந்து வந்து, என் பக்கத்து ஓரத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா, கையில் துணிப்பையோடு வந்தார். தெற்கத்திப் பேச்சு. பிழைக்க வந்த மகனைப் பார்க்க வந்தவர் என்று பிற்பாடு சொன்னார்.

"அந்தப் பக்கம் போணுமாம்மா? வா, நானும் அங்கனதான் போறேன்" என்று கையை நீட்டினார்.

என் அறை எனக்குப் பின்னால் இருந்தது. வாசலில் நான் காலையில் காயப்போட்ட பாவாடை தெரிந்தது.

"ஆமாங்க" என்றேன்.

வலது கையைக் கொடுத்தேன். அவருடைய உள்ளங்கை சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. மகனுக்குச் சமையல் தெரியாது, இளைத்துப் போயிருப்பான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் என்னால் முடிந்ததைவிடவும் மெதுவாக நடந்தேன். அவர் அதற்கேற்ப மெதுவாக நடந்தார். கல்லில் ஏறியதும், "பாத்துப் போம்மா" என்று கையை விட்டுவிட்டுத் தெருவுக்குள் திரும்பினார். அவர் தலை மறையும் வரை அங்கேயே நின்றேன். அதன் பிறகு ஒரு லாரியைப் போகவிட்டு, தனியாகத் திரும்பிக் கடந்து என் அறைக்குப் போனேன்.